ஒரு பகுதியின் சூழல் நலமாக இருக்கிறதா என்று எப்படி மதிப்பிடுவது? செயற்கைக்கோள் படத்தில் பசுமை கூடியிருந்தால் போதுமா?

போதாது. எங்கள் பழனி மலையில் பசுமை கூடியதே நோயின் அடையாளம்.

நான் வளர்ந்தது கொடைக்கானல் மேல்மலையில். அந்த உயரத்தில் முகடெல்லாம் புல்வெளி, ஓடை இறங்கும் மடிப்புகளில் மட்டும் சோலை எனப்படும் அடர்ந்த குட்டை மரக்காடு. அதுதான் அந்த மலையின் இயல்பு. மாசி, பங்குனியில் புல் காய்ந்து வைக்கோல் நிறமாகிவிடும். பார்த்தவர்கள் தரிசு என்று நினைத்தார்கள். தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று வாட்டில் என்ற அயல்நாட்டு மரத்தை நட்டார்கள், கூடவே தைல மரமும் பைனும். 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டபோது, புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போயிருந்தது. அந்த இடத்தில் நின்றவை தோப்புகளும் விளைநிலமும். பசுமைக் குறியீட்டை மட்டும் பார்த்தவருக்கோ மலை செழித்தது போலத் தெரியும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது.

அதனால், அந்த இடத்தில் இயல்பாக என்ன இருக்க வேண்டும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பழைய நில அளவை வரைபடம், ஆடுமாடு மேய்த்த பெரியவர்களின் நினைவு இரண்டும் உதவும். அதன் பிறகு அளக்கலாம். ஓடை எந்த மாதம் வரை ஓடுகிறது? புல்வெளியை விட்டு வாழாத நீலகிரி நெட்டைக்காலி என்ற பறவை இன்னும் கண்ணில் படுகிறதா? 2018இல் குறிஞ்சி பூத்த சரிவுகளைக் குறித்து வைத்திருந்தால், 2030இல் எது மிஞ்சியது என்று பார்க்கலாம்.

காரணம் தேடும்போது எல்லோரும் முதலில் மழையைச் சொல்வார்கள். ஒரே மழை பெறும் இரண்டு பக்கத்துச் சரிவுகளை எடுங்கள். ஒன்றில் புல், மற்றதில் வாட்டில். ஒரு பக்கத்து ஓடை மட்டும் முன்னதாக வற்றினால், மழையை மட்டும் குறை சொல்ல முடியாது.

காரணம் காலத்தோடு மாறும் என்பதையும் கவனியுங்கள். அன்று மனிதர்கள் நட்டார்கள். இன்று வாட்டில் தானே பரவுகிறது. அதன் விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடந்து, தீப்பிடித்த பிறகு கும்பலாக முளைக்கும். அதற்காகப் பழைய தோப்புகளை ஒரேயடியாக வெட்டுவதையும் நான் ஏற்கமாட்டேன். அவற்றின் நிழலில் பல இடங்களில் சோலைக் கன்றுகள் எழும்பி வருகின்றன. வெட்டும்போது அவையும் போய்விடும். மிச்சமிருக்கும் புல்வெளியின் ஓரத்தில்தான் வேலையைத் தொடங்க வேண்டும். மழை பெய்து மண் இளகியிருக்கும் நாளில், முழங்கால் உயர வாட்டில் கன்று கையோடு வேரும் சேர்ந்து வந்துவிடும்.