துப்புக் கெட்ட நாவலா?

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்தில் இந்த மாதம் அலெக்ஸாண்டர் மெக்கால் ஸ்மித்தின் 'தி நம்பர் ஒன் லேடீஸ் டிடெக்டிவ் ஏஜென்ஸி' படித்தோம். போட்ஸ்வானாவில் நடக்கும் கதை. "துப்பறியும் நாவலில் துப்பே இல்லையே, ஒரு கொலைகூடக் கிடையாது" என்றார்கள் பாதிப் பேர். "சிரித்தேன், மறந்துவிட்டேன், லேசான புத்தகம்" என்றார் ஒருவர். "ஆப்பிரிக்காவைப் பற்றி ஒரு வெள்ளைக்காரர் காய்ச்சிய சர்க்கரைப் பாகு" என்றான் கல்லூரிப் பையன். ஒரு அம்மா மட்டும், அப்பா சாகிற இடத்தில் அழுதேன் என்றார். கதையில் வரும் சிவப்புத் தேநீரை ஒருவர் வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தார், நன்றாகவே இல்லை. யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: தீர்ப்பு இருக்கட்டும். உங்கள் வட்டத்தில் பாதிப் பேர் சொன்ன அந்தச் சொல்லை முதலில் பிடித்துக்கொள்கிறேன். துப்பு.

துப்பு என்றால் தடயம் என்றே நமக்குப் பழகிவிட்டது. வள்ளுவரிடம் போய்ப் பாருங்கள். 'துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கித் துப்பார்க்குத் துப்பாய தூஉம் மழை.' உண்பவர்களுக்கு நல்ல உணவை விளைவித்துக் கொடுத்து, குடிநீராய்த் தானும் ஓர் உணவாகிறது மழை. அங்கே துப்பு என்றால் சோறு. பழைய நூல்களில் அதே சொல்லுக்கு வலிமை என்றும் பொருள் உண்டு, பவளம் என்றும் பொருள் உண்டு. 'துப்புக் கெட்டவனே' என்று இன்றைக்கும் திட்டுகிறோமே, அதில் இருப்பது அந்த வலிமைதான். யாரும் தடயத்தைத் தொலைத்ததற்காக அப்படித் திட்டு வாங்குவதில்லை.

இதை வீணாகச் சொல்லவில்லை. உங்கள் நாவல் நடக்கும் நாட்டில் பணத்துக்குப் பெயரே மழை. 1976இல் தென்னாப்பிரிக்க ராண்டைக் கைவிட்டுச் சொந்த நாணயம் கொண்டுவந்தபோது 'புலா' என்று பெயர் வைத்தார்கள். செட்ஸ்வானா மொழியில் புலா என்றால் மழை, ஆசீர்வாதம் என்றும் பொருள். தேசியச் சின்னத்தின் அடியில் எழுதியிருக்கும் ஒரே சொல்லும் அதுதான். பொதுக்கூட்டங்களில் ஜனங்கள் 'புலா!' என்று குரல் கொடுப்பார்கள். நாட்டின் பெரும்பகுதி கலஹாரி வறள்நிலம், அதனால் அந்தச் சொல்லின் அருமை அவர்களுக்குத் தெரியும். வான்சிறப்பு அதிகாரத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடக்கும் ஜனங்கள். அவர்கள் கதையில் துப்பே இல்லை என்று சொன்னால் எனக்குக் கோபம் வராதா?

சரி, கொலை. கொலை இல்லாவிட்டால் மர்மம் இல்லை என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் நாவல்களைத் தழுவித் தமிழில் எழுதித் தள்ளிய காலத்திலிருந்தே, துப்பறிவாளர் என்றால் ஆண், கையில் துப்பாக்கி, தரையில் பிணம் என்று ஓர் அச்சு விழுந்துவிட்டது. இந்த நாவலின் துப்பறிவாளர் ரமோட்ஸ்வே அம்மாளோ தலைநகர் கபரோனியின் ஓரத்தில், ஒரு குன்றடியில் கடை போடுகிறார். ஒரு குட்டி வெள்ளை வேன், இரண்டு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு தொலைபேசி, ஒரு பழைய தட்டச்சுப் பொறி, ஒரு தேநீர்க் குடுவை. அவ்வளவுதான் சொத்து. ஒரு பெண்ணின் வீட்டில் 'நான்தான் உன் அப்பா' என்று ஒருவன் வந்து உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறான். ரமோட்ஸ்வே நர்ஸ் வேடத்தில் போகிறார். உங்கள் மகளுக்கு விபத்து, உங்கள் ரத்தம் வேண்டும், கொடுத்தால் உங்கள் உயிருக்கே ஆபத்து என்கிறார். அந்த நிமிஷமே அவன் அப்பா இல்லை என்று ஆகிவிடுகிறது. பிள்ளைக்காக இரண்டு தாய்கள் வழக்காடிய பழங்கதையை எத்தனை வடிவத்தில் கேட்டிருக்கிறோம்! அதையே ரத்தக்குழாயில் வைத்துச் சொல்லியிருக்கிறார் ஸ்மித். இதில் துப்பு இல்லையா? பட்டேல் என்ற பணக்கார இந்தியக் கடைக்காரர் தன் 16 வயது மகளை வேவு பார்க்க ஆள் வைக்கிறார். அந்தக் காதலன் பொய், அப்பாவின் கண்காணிப்பு தாங்காமல் அந்தப் பெண் கட்டிவிட்ட கதை. திருச்சியில் இந்த அத்தியாயத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை என்பது எனக்கு ஆச்சரியம்.

அடுத்து, 'லேசான புத்தகம்'. இது எனக்கும் பலருக்கும் நடுவே நெடுநாள் சண்டை, இதே பக்கத்தில் எத்தனையோ முறை போட்டிருக்கிறேன், மறுபடியும் போடுகிறேன். சிரிக்க வைத்தால் இரண்டாம் தரம் என்று நாம்தான் ஒரு சட்டம் போட்டு வைத்திருக்கிறோம். தேவன் 1940களில் ஆனந்த விகடனில் துப்பறியும் சாம்புவை எழுதினார். வங்கிக் குமாஸ்தா வேலை போன ஓர் அசட்டு மனிதன், அதிர்ஷ்டத்தாலேயே ஒவ்வொரு வழக்கையும் ஜெயிப்பான். ஒரு தலைமுறையே வாரா வாரம் அவனுக்காகக் காத்திருந்தது. ஆனாலும் தமிழ் நாவல் பற்றிய கூட்டங்களில் அவர் பெயரைச் சொன்னால் 'ஹாஸ்யம்தானே' என்று பக்கத்தைத் திருப்புகிறார்கள். ஹாஸ்யத்தோடு 'தானே' சேர்க்கிறவர்களோடு எனக்குச் சமாதானம் கிடையாது. எழுதிப் பார்க்கட்டும், அப்போது தெரியும்.

சாம்புவுக்குத் துப்புக் கொடுத்தது அதிர்ஷ்டம். ரமோட்ஸ்வேக்குக் கொடுப்பது காது. அந்தக் காதை அவருக்குக் கொடுத்தவர் அவருடைய அப்பா ஓபெத். உங்கள் வட்டத்தில் அழுத அந்த அம்மாதான் புத்தகத்தைப் படித்திருக்கிறார். மற்றவர்கள் அந்த அத்தியாயத்தை மறுபடியும் எடுத்துப் பாருங்கள். போட்ஸ்வானா 1966இல் சுதந்திரம் அடைந்தபோது மிக ஏழை நாடு. ஒராபாவில் வைரம் கண்டுபிடித்தது அதற்கு மறுவருஷம். அதுவரைக்கும், அதற்குப் பிறகும்கூட, ஆண்கள் பிழைப்புக்குத் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்குத்தான் போனார்கள். ஓபெத் அங்கே தங்கம் வெட்டப் போய் நெஞ்சு நிறையத் தூசியோடு திரும்பியவர். சுரங்கத்தில் பல இனத்துக்காரர்களும் பேச ஒரு கலப்பு மொழி உண்டு, பனகலோ என்று பெயர். தள்ளு, தூக்கு, ஏற்று என்பதற்கெல்லாம் அந்த மொழியில் ஏராளமான சொற்கள், அன்புக்கும் சந்தோஷத்துக்கும் காலையில் பறவைகள் எழுப்பும் ஓசைக்கும் ஒரு சொல்லும் கிடையாது என்கிறார் அவர். சுரங்கத்தைப் பற்றி எத்தனை பக்கம் எழுதினாலும் இந்த ஒரு வரிக்கு ஈடாகுமா?

அவர் சாகும் தறுவாயில் மகளிடம், மாடுகளை விற்று ஏதாவது கடை வை என்கிறார். மகள், துப்பறியும் நிறுவனம் வைக்கப் போகிறேன், போட்ஸ்வானாவிலேயே முதலாவது என்கிறாள். அப்பாவின் கண் அகல விரிகிறது. 'ஆனா... ஆனா...' என்று ஏதோ சொல்லப் பார்க்கிறார். அதோடு உயிர் போய்விடுகிறது. நான் அந்த இடத்தில் சிரித்தேன், சிரித்து முடிப்பதற்குள் தொண்டை அடைத்துக்கொண்டது. 180 மாடுகள், ஒரு மனிதனின் நுரையீரலை விலையாகக் கொடுத்துச் சேர்த்தவை. அந்தப் பணத்தில்தான் அந்தக் குட்டி வேன் ஓடுகிறது. இதையா லேசு என்கிறீர்கள்?

தேநீரைப் பற்றி ஒரு வார்த்தை. ரூய்போஸ் என்கிற அந்தச் செடிக்கும் தேயிலைக்கும் உறவே இல்லை. தென்னாப்பிரிக்காவின் மேற்கில் செடர்பெர்க் மலைப்பக்கம் விளைகிறது, அவரைக் குடும்பம். குடும்ப அட்டை பார்த்தால் நம் துவரைக்குத்தான் அது ஒன்றுவிட்ட சொந்தம். அதில் காஃபியும் தேயிலையும் தருகிற கிறுகிறுப்பு இருக்காது. கும்பகோணம் டிகிரி காபியை நினைத்துக்கொண்டு குடித்தால் ஏமாற்றம்தான். கொதிக்கிற தண்ணீரில் ஐந்து நிமிஷத்துக்குக் குறையாமல் ஊறவிட்டு, பால் இல்லாமல் குடித்துப் பாருங்கள்.

கல்லூரிப் பையனுக்குக் கொஞ்சம் அதிக நேரம் ஒதுக்குகிறேன், அவன் கேட்டதுதான் கனமான கேள்வி. தம்பி, முதலில் ஒன்று: ஆப்பிரிக்கா 54 நாடுகள். நீ படித்தது அதில் ஒன்றைப் பற்றி. ஸ்மித் 1948இல் புலவாயோவில், அன்றைய தெற்கு ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே), பிறந்தவர். போட்ஸ்வானா பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்தவர். சுற்றுலாப் பயணியின் எழுத்து இல்லை. கதையில் எல்லோரும் 'ம்மா', 'ர்ரா' என்று மரியாதையோடு கூப்பிட்டுக்கொள்வது செயற்கை என்று நினைத்திருப்பாய். அம்மாவுக்கும் ஐயாவுக்கும் சமமான அந்தச் சொற்கள் இல்லாமல் செட்ஸ்வானாவில் வணக்கமே சொல்ல முடியாது. தமிழில் யாராவது மொழிபெயர்த்தால், தயவுசெய்து அதை 'மேடம்' ஆக்கிவிடாதீர்கள்.

ஆனால் நீ சொன்னதில் உண்மை இருக்கிறது. புத்தகம் வந்த 1998இல், எச்.ஐ.வி.யால் உலகிலேயே மிக மோசமாக அடிபட்ட நாடுகளில் போட்ஸ்வானா ஒன்று. அரசு இலவச மருந்துத் திட்டம் தொடங்கியது 2002இல்தான். ரமோட்ஸ்வேயின் சாயங்காலத் தேநீரில் அந்த நிழல் விழுவதே அபூர்வம். இன்னொன்று. மாந்திரீக மருந்துக்காக ஒரு பையனைக் கடத்துவது நாவலில் வருகிறது, அவன் உயிரோடு வீடு திரும்புகிறான். ரமோட்ஸ்வே பிறந்த ஊராக நாவல் சொல்லும் மொச்சுடியில், 1994இல், 14 வயதுப் பள்ளிச் சிறுமி ஒருத்தி அப்படிக் காணாமல் போனாள். பிணமாகத்தான் கிடைத்தாள். மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், கலவரம் தலைநகரம் வரை போனது, விசாரிக்க ஸ்காட்லாந்து யார்டை அழைத்தார்கள். ஸ்மித் அந்தச் சம்பவத்தின் வாசல்வரை வந்து, பையனைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார். வாசகனாக எனக்கு அதில் நிம்மதி. ஆனாலும் அந்த நிம்மதி உறுத்துகிறது.

அதனால் உங்கள் வட்டத்துக்கு அடுத்த மாதப் புத்தகத்தை நானே சொல்லிவிடுகிறேன். யூனிட்டி டௌ எழுதிய 'தி ஸ்க்ரீமிங் ஆஃப் தி இன்னொசென்ட்', 2002. அந்த அம்மையார் மொச்சுடியிலேயே பிறந்தவர். வெளிநாட்டுக்காரரை மணந்த போட்ஸ்வானாப் பெண்ணின் குழந்தைகளுக்குக் குடியுரிமை இல்லை என்ற சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டு 1992இல் ஜெயித்தவர். ரமோட்ஸ்வே கடை திறந்த அதே 1998இல், அந்த நாட்டு உயர்நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானவர். காணாமல் போன சிறுமியைத் தேடும் கதைதான் இதுவும். இதில் சிரிப்பதற்கு இடம் மிகக் குறைவு. அழுத அந்த அம்மாவிடம் முதல் பிரதியைக் கொடுங்கள், கல்லூரிப் பையனைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். இருவரும் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள், இந்தப் பக்கத்தில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.