டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டால் என்ன தப்பு?

தொண்டை வலி என்று போனால் கடைக்காரரே எடுத்துக் கொடுக்கிறார், குணமாகியும் விடுகிறது, பிறகென்ன என்று கேட்கிறீர்கள். பெரும்பாலான சளியும் தொண்டை வலியும் வைரஸால் வருபவை. ஒரு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும். நல்ல பெயர் மட்டும் மாத்திரைக்குப் போகும். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது.

காசுதானே வீண் என்று விடவும் முடியாது. உள்ளே போன அசித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக், குடலில் சும்மா கிடக்கும் பாக்டீரியாக்களை அழிக்கிறது. மருந்துக்கு மசியாத சில தப்பித்து, காலியான இடத்தில் பெருகுகின்றன. போதாததற்கு, அந்தத் திறனுக்கான மரபணுவை வேறு இனப் பாக்டீரியாவுக்கும் கைமாற்றிவிடும். இப்படி மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் 2019-இல் மட்டும் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்ததாக மதிப்பீடு.

கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுக்கும் மூன்று மாத்திரையைத் திருப்பிப் பாருங்கள். பல நேரம் மருந்தின் பெயரோ காலாவதித் தேதியோ அந்தத் துண்டில் இருக்காது. ஒவ்வாமை வந்து அவசரப் பிரிவுக்கு ஓடினால், என்ன சாப்பிட்டீர்கள் என்ற கேள்விக்கே பதில் இல்லை.

கடைக்காரரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அவர் மறுத்தால் அடுத்த கடைக்குப் போகிறவர்கள் நாம்தான். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் கேளுங்கள். மூச்சுத் திணறினாலோ காய்ச்சல் மூன்று நாள் தாண்டினாலோ டாக்டரிடம் போங்கள்.