பி.ஆப்டம் என்றால் கண்ணாடிக் கடை வேலையா?

மகள் பி.ஆப்டம், அதாவது கண் பரிசோதனைக்கான பட்டப்படிப்பில் சேரப் பிரியப்படுகிறாள், “கண்ணாடிக் கடையில் நிற்கவா நாலு வருஷப் படிப்பு?” என்பது உங்கள் கவலை. பவர் பார்ப்பது அந்த வேலையில் ஒரு பங்குதான்.

தலைவலி, கண்ணாடி மாற்ற வேண்டும் என்று ஒருவர் வருகிறார். எழுத்துப் பலகையில் 6/6, அதாவது இயல்பான பார்வை அளவுக்குப் படித்துவிடுகிறார். ஆனால் மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருந்தால் பார்வை நரம்பின் முனை வீங்கியிருக்கும். ஆரம்பத்தில் பார்வை குறையாது. கண்ணின் உட்புறத்தைப் பார்க்காமல் அனுப்பினால் தெரியாமலே போகும்.

அடுத்தது டார்ச் சோதனை. மங்கலான அறையில் நோயாளியைத் தூரத்தில் பார்க்கச் சொல்லி, ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு மூன்று விநாடி வெளிச்சத்தை மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும். வெளிச்சம் வந்தும் பாவை (கண்ணின் நடுவே உள்ள கருந்துளை) சுருங்காமல் விரிந்தால் அந்தப் பக்கத்துப் பார்வை நரம்பில் கோளாறு இருக்கலாம். கற்றுக்கொள்பவர்கள் சறுக்குவது இங்கேதான்: நோயாளி டார்ச்சையே பார்த்தால், கிட்டப் பார்ப்பதாலேயே பாவை சுருங்கி ஏமாற்றும். பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டபிறகு இதைச் செய்யவே முடியாது.

பக்கவாட்டுப் பார்வையையும் சோதிக்க வேண்டும். ஒரு மீட்டர் எதிரே உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடவைத்து, நான்கு மூலையிலும் விரல்களை எண்ணச் சொல்வதற்குக் கருவியே வேண்டாம். இரு கண்ணிலும் காதுப் பக்கம் தெரியவில்லை என்றால் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி என்று சந்தேகிக்கலாம். இரண்டிலும் இடப்பக்கமே தெரியவில்லை என்றால் வலப்பக்க மூளையில் பக்கவாதமாக இருக்கலாம்.

இமை தொங்கி, கண் வெளிப்பக்கமாகக் கீழே விலகி, பாவையும் விரிந்திருந்தால் மூளை ரத்தக்குழாய் புடைத்திருக்கக்கூடும். ‘நாளை வாங்க’ என்று சொல்லக்கூடாது. அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்கு. நோயை உறுதி செய்வது டாக்டர் வேலை. சரியான இடத்துக்கு, சரியான வேகத்தில் அனுப்புவது உங்கள் மகள் வேலை.

ஆகவே கல்லூரியைக் கட்டடம் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். படிப்பு மூன்று வருஷம், பிறகு ஒரு வருஷப் பயிற்சி. சென்னையில் 1985-இல் தொடங்கிய எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி போல, கண் மருத்துவமனையோடு சேர்ந்த இடமா என்று பாருங்கள். இரண்டு வருஷ டிப்ளமோவை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பயிற்சி வருஷத்தில் நரம்பியல் கண் பிரிவில் எத்தனை வாரம் போடுவார்கள், நோயாளியை மாணவியே பரிசோதிப்பாளா, பக்கத்தில் நின்று பார்ப்பதோடு சரியா? இதை அலுவலகத்தில் கேட்காதீர்கள், அங்கே பயிற்சியில் இருக்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள்.