தென் ரோனின் கலப்பு ஒயின் – கடிதம், பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லியோனில் வேலை பார்க்கிறேன். ஒரு விருந்தில் தென் ரோன் (தென் பிரான்ஸில் ரோன் ஆற்றுப் பகுதி) சிவப்பு ஒயின் கொடுத்தார்கள். லேபிளில் கிரெனாஷ், சிரா, மூர்வெத்ர் என்று மூன்று திராட்சைகளின் பெயர். "நல்ல ஒயின் ஒரே திராட்சையில்தான் வரும், மிச்சம் மீதியைக் கலந்தால் பிளெண்ட்" என்றார் நண்பர். உண்மையா? டிரை, அதாவது இனிப்பில்லாதது என்கிறார்கள், எனக்கென்னவோ லேசாக இனித்தது.

எஸ்.ஆர்.

அன்புள்ள எஸ்.ஆர்.,

உங்கள் நண்பர் லியோனுக்கு வடக்கே இருக்கும் பர்கண்டி ஒயின் பகுதியை மனதில் வைத்துப் பேசியிருக்கிறார். அங்கே பேர்பெற்ற சிவப்பு ஒயின்கள் பினோ நுவார் என்ற ஒரே திராட்சையில் செய்யப்படுபவை. தெற்கே தென் ரோனில், அவிஞ்ஞோன் நகரத்துப் பக்கம் போனால் கதை வேறு.

அந்தப் பக்கம் பிரதானம் கிரெனாஷ். வெயிலில் அதற்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். அது முழுக்க நொதித்து ஆல்கஹாலாகிவிடுவதால்தான் ஒயின் டிரை. 14, 15 சதவீதம் அங்கே சகஜம். உங்களுக்கு இனித்தது பழுத்த பழ வாசனையாலும் அந்த ஆல்கஹாலாலும்தான்.

ஆனால் கிரெனாஷ் தனியாக நிற்கச் சிரமப்படும். நிறம் வெளிறியது, காற்றுப் பட்டால் சீக்கிரம் களைத்துவிடும், பூக்கும்போது மழையோ குளிரோ வந்தால் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்துபோகும். சிரா நிறமும் மிளகு வாசனையும் தருகிறது. கடைசியாகப் பழுக்கும் மூர்வெத்ர் துவர்ப்பும் காற்றைத் தாங்கும் பலமும் தருகிறது. பெரும்பாலும் ஒவ்வொன்றையும் தனித்தனியே நொதிக்க வைத்து, அப்புறம் தொட்டி தொட்டியாகச் சுவைத்து அளவு பார்த்துச் சேர்க்கிறார்கள். எவ்வளவு நாக்கு வேலை பாருங்கள்! மிச்சம் மீதியை ஊற்றுகிற காரியமா இது?

கோபப்பட வேண்டிய கலப்பு வேறு. ஒரு காலத்தில் அவிஞ்ஞோனுக்குப் பக்கத்து ஊரான ஷத்தோநெஃப்-து-பாப்பின் ஒயினைப் பீப்பாய் கணக்கில் வாங்கிப்போய்ப் பர்கண்டியின் மெலிந்த ஒயினில் ஊற்றித் தெம்பேற்றினார்கள்; லேபிளில் மட்டும் பர்கண்டி. போலிகளும் நடமாடின. வழக்கறிஞரான பாரன் லெ ருவாவின் முன்னெடுப்பில் ஷத்தோநெஃப்-து-பாப் ஊர்க்காரர்கள் 1923-ல் விதிகள் வகுத்தார்கள்: எந்த நிலம், எந்தத் திராட்சைகள், குறைந்தது எவ்வளவு ஆல்கஹால் என்று. 1936-ல் அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. 13 வகைத் திராட்சைகள் அனுமதி பெற்றன. கலப்பை ஒளிக்காமல் விதியாகவே எழுதிவைத்த அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

விதிவிலக்கும் அங்கேயே உண்டு. ஷத்தோ ரயாஸ் என்ற ஒயின் பண்ணையின் சிவப்பு ஒயின் கிரெனாஷில் மட்டும் செய்வது. பக்கத்தில் பொகாஸ்டெல் பண்ணை 13 வகைகளையும் வளர்க்கிறது. இரண்டுமே உலகம் தேடி வாங்குகிற ஒயின்கள்.

ஒன்று செய்யுங்கள். கோடையில் அறைச் சூட்டிலேயே ஊற்றினால் ஆல்கஹால்தான் முன்னே வந்து நிற்கும். பாட்டிலை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, ஆட்டுக்கறியோடு குடித்துப் பாருங்கள். மிளகும் துவர்ப்பும் தனித்தனியாகப் பிடிபடும்.