பெற்றோர் பெயர் மட்டும் ஏன் விடுபட்டது?

கேள்வி: மனைவி, 2 பிள்ளைகள், என் அப்பா, அம்மா என 6 பேர் 7 நாள் சொகுசுக் கப்பல் பயணம் போனோம். புயல் என்று சொல்லி 4 துறைமுகங்களில் இரண்டுக்குக் கப்பல் போகவே இல்லை. பயணமே பாழ். இன்சூரன்ஸ் எங்கள் நால்வருக்கு மட்டும் எடுத்திருந்தேன். வயதானவர்களுக்கு பிரீமியம் அதிகம் என்பதால் அப்பா, அம்மாவுக்கு எடுக்கவில்லை. கப்பல் நிறுவனத்திடம் நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், கிடைப்பது கஷ்டம். வானிலை மோசமானால் பாதையை மாற்றவும் துறைமுகத்தை விட்டுவிடவும் உரிமை உண்டு என்று டிக்கெட் ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். கேப்டன் எடுக்கும் பாதுகாப்பு முடிவில் கப்பல் முதலாளிகூடத் தலையிடக் கூடாது என்பது ‘சோலாஸ்’ என்ற சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் விதி. போகாத துறைமுகத்தின் கட்டணமும், கப்பல் மூலம் பதிவு செய்த கரைச் சுற்றுலாப் பணமும் பெரும்பாலும் திரும்ப வரும். துறைமுகம் தவறினால் பணம் தரும் பிரிவு உங்கள் பாலிசியில் இருந்தால் ஒரு சிறு தொகை வரும். அவ்வளவுதான்.

சரி, அதை விடுங்கள். ‘வயதானவர்களுக்கு பிரீமியம் அதிகம்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை நான் நாலு தடவை படித்தேன். ஏன் அதிகம்? அந்த வயதில் உடம்புக்கு எது வேண்டுமானாலும் நேரலாம் என்பதால்தானே? லாபக் கணக்குப் பார்க்கும் கம்பெனிக்குத் தெரிந்தது, பெற்ற பிள்ளைக்குத் தெரியாமல் போனதா?

கரை தொடாமல், ஆடும் கடலில் ஓடிய அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்திருந்தால்? கப்பல் டாக்டரால் வலிக்கு ஊசி போட முடியும், அறுவை சிகிச்சை செய்ய முடியாது. கரையிலிருந்து எட்டுகிற தூரமாக இருந்தால்தான் ஹெலிகாப்டர் வரும். புயல் காற்றில் அதுவும் சந்தேகம். அப்புறம் வேற்று நாட்டு ஆஸ்பத்திரி, துணைக்கு டாக்டரோடு விமானம். உங்கள் மொத்தப் பயணச் செலவைப் போலப் பல மடங்கு ஆகும். வீட்டில் இருக்கும் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் நடுக்கடலில் செல்லாது.

‘எங்களுக்கு எதுக்குப்பா வீண் செலவு’ என்று அவர்களே சொல்லியிருப்பார்கள். எந்தப் பெற்றோர்தான் அப்படிச் சொல்லவில்லை! அதைச் சாக்காக எடுத்துக்கொள்வது பிள்ளைக்கு அழகில்லை. கையில் பணம் குறைவா? பால்கனி அறைக்குப் பதில் ஜன்னல் இல்லாத அறை எடுங்கள், இரண்டு நாள் குறைவான பயணம் போங்கள். ஆறு பேருக்கும் பாலிசி எடுக்க முடியாவிட்டால் கப்பல் ஏறவே வேண்டாம். இதில் என்னிடம் இரண்டு பேச்சு கிடையாது.

அடுத்த முறை டிக்கெட் போடும்போதே இன்சூரன்ஸையும் எடுத்துவிடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கினால், அந்தப் புயலால் வரும் நஷ்டத்துக்குப் பொதுவாகப் பணம் தர மாட்டார்கள். அட்லாண்டிக் பக்கம் போவதாக இருந்தால் ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தை நிரப்பும்போது அப்பா, அம்மா இருவரின் மருந்துச் சீட்டும் கையில் இருக்கட்டும். பிரஷரோ, சர்க்கரையோ, எது இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தது தெரிந்தால் க்ளெய்மை நிராகரித்துவிடுவார்கள்.