கணவர் போய் ஒன்பது வருடம்... இப்போது எப்படி வந்தது?

கேள்வி: எனக்கு வயது 61. கணவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. கர்ப்பப்பை வாய்ச் சோதனையில் எச்.பி.வி. பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. உடலுறவால் பரவும் கிருமியாமே! தனியாக இருக்கும் எனக்கு எப்படி வந்தது? மகளிடம்கூடச் சொல்லவில்லை. இது புற்றுநோயா?

பதில்: இல்லையம்மா, பாசிட்டிவ் என்றாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. கிருமி இருக்கிறது, அவ்வளவுதான் அந்த ரிப்போர்ட் சொல்வது.

உடலுறவால் பரவுவது உண்மை. ஆனால் அது சமீபத்தில்தான் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது தொற்றும் கிருமி இது. ஒன்றிரண்டு வருடத்தில் உடலே அடக்கிவிடும். சிலருக்கு மட்டும் சோதனையில் தெரியாத அளவுக்கு ஒடுங்கிக் கிடந்து, வயதாகி எதிர்ப்புச் சக்தி தளரும்போது மறுபடி தலைகாட்டும். யாரிடமிருந்து, எந்த வருடம் வந்தது என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. அதனால் உங்கள் கணவரையும் சந்தேகிக்காதீர்கள், உங்களையும் நொந்துகொள்ளாதீர்கள். இந்த ரிப்போர்ட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வரும் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கிறது.

அடுத்து, எந்த வகைக் கிருமி என்று கேளுங்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு 16, 18 என்ற இரண்டு வகைகள்தான் காரணம். அவையென்றால் நேரே கால்போஸ்கோப்பி, அதாவது கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்க்கும் சோதனை, செய்வார்கள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகர் போன்றதை, பஞ்சில் தொட்டு அங்கே தடவி ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். மாறுதல் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். லேசாக எரியும், அவ்வளவுதான். தேவைப்பட்டால் அங்கிருந்து துளி சதை எடுப்பார்கள். வேறு வகையென்றால் பாப் ஸ்மியர், அதாவது கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் சோதனை, பார்த்துவிட்டு, அது சரியாக இருந்தால் பெரும்பாலும் ஒரு வருடம் கழித்து வரச் சொல்வார்கள்.

மாதவிலக்கு நின்றபின் பிறப்புறுப்பின் உட்பகுதி வறண்டு மெலிந்துவிடும். பார்க்க வேண்டிய பகுதியும் உள்ளே ஏறிவிடும். சோதனை வலிப்பதும், முடிவு தெளிவில்லாமல் வருவதும் இதனால்தான். போன முறை வலித்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். சில வாரம் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கிரீமை அங்கே போட்டபின் சோதனை எடுத்தால் சுலபமாக இருக்கும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மாதவிலக்கு நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அடுத்த சோதனைத் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். உடனே போய்க் காட்டுங்கள்.

மகளிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். துணைக்கு அவரையே கூட்டிப் போங்கள். 30 வயது தாண்டியிருந்தால் அவரும் இந்தச் சோதனையைச் செய்துகொள்ளலாம்.