புது பேட்டரி வாங்கும் முன்...

அண்ணா, உங்கள் போட்டின் 24 வோல்ட் செட்டில் (தொடராக இணைத்த இரண்டு 12 வோல்ட் பேட்டரி) ஒரு பேட்டரியை மட்டும் ஆறு மாதம் முன்பு மாற்றினீர்கள், இப்போது விடியற்காலையில் செல்ஃப் (என்ஜினைக் கிளப்பும் மோட்டார்) சுற்றவில்லை என்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் மாற்றாமல் விட்ட பழசின் மேல்தான். பழசும் புதுசும் தொடராக இருந்தால் சார்ஜ் சமமாக ஏறாது. பழசு புதுசையும் கெடுத்துவிடும். மாற்றினால் ஜோடியாகத்தான்.

ஆனால் உடனே கடைக்குப் போகாதீர்கள். இரவு இணைப்பைக் கழற்றி வைத்து, காலையில் மல்டிமீட்டரால் தனித்தனியாக அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். அப்புறம் என்ஜின் ஓடும்போது இரண்டும் சேர்ந்து 27.6 முதல் 28.8 வரை காட்ட வேண்டும். காட்டவில்லையா, சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பக்கம் பாருங்கள்.

எங்கள் போட்டில் ஒருமுறை இரண்டையும் மாற்றிய பிறகுதான், எர்த் வயர் முனையில் இருக்கும் லக்குக்குள் பச்சைக் களிம்பு பூத்திருந்ததைப் பார்த்தோம். வயிற்றெரிச்சல்! வயரைச் சுரண்டி இறுக்கி, மேலே வாசலின் தடவியதும் செல்ஃப் சரியாகிவிட்டது.

மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் சார்ஜ் போடாமல் விட்டிருந்தீர்களா? அப்படியென்றால் தகட்டில் சல்பேட் படிந்திருக்கும், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியும் பெரிதாகத் தேறாது.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். அளந்த எண்களை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.